முதுமையும் உடன்வாழ்வும்: தகடூர் முதல் டோனாவூர் வரை

சேலத்திலிருந்து தொப்பூர்க் கணவாயைக் கடந்து தருமபுரி நோக்கிச் செல்வோர், நல்லம்பள்ளியைத் தாண்டியதும் அதியமான்கோட்டையைக் காண்பர். பண்டைத் தகடூர் நாட்டின் நினைவைத் தாங்கி நிற்கும் ஊர் அது. நெடுநாள் வாழச் செய்யும் நெல்லிக்கனியைத் தான் உண்ணாது ஔவைக்கு ஈந்த அதியமான் நெடுமான் அஞ்சியின் கதையைப் பள்ளிச் சிறுவரும் அறிவர். அதற்கு ஔவை நன்றி கூறும் பாட்டு புறநானூற்றில் 91-ஆவதாக உள்ளது. ஆனால் அதே தொகையின் 231, 232, 235-ஆம் பாட்டுகளை நாம் அக்கதையோடு சேர்த்துப் படிப்பதில்லை. அவை அஞ்சி மாண்டபின் ஔவை பாடிய இரங்கற் பாட்டுகள். ஆயுளைத் தந்தவன் மறைந்தான். பெற்றவர் தனித்து நின்றார். நீண்ட ஆயுள் கிடைத்தபின் அதனை யாரோடு வாழ்வது என்னும் வினா தகடூர் மண்ணிலேயே பிறந்துவிட்டது எனலாம்.

இவ்வினாவை ஆதித் திருச்சபையும் சந்தித்தது. அப்போஸ்தலர் நடபடிகள் ஆறாம் அதிகாரத்தில் விதவைகளின் அன்றாடப் பந்தியைக் குறித்தே சபையின் முதற் பூசல் எழுந்தது. 1 தீமோத்தேயு ஐந்தாம் அதிகாரம் அறுபது வயதுக்குக் குறையாத விதவைகளின் பட்டியல் ஒன்றைக் குறிப்பிடுகிறது. அது உதவி பெறுவோரின் பட்டியலா, ஊழியம் செய்வோரின் பட்டியலா என்பதில் அறிஞரிடையே கருத்து வேற்றுமை உண்டு. இரண்டும் கலந்தது என்பதே எமது கருத்து. அங்கு விதவை உணவு பெறுகிறவள் மட்டுமல்லள். இரவும் பகலும் வேண்டுதலில் நிலைத்திருக்கும் பணியும் அவளுக்கு உண்டு. அவள் கை ஏந்தியும் இருக்கிறது, குவிந்தும் இருக்கிறது.

பிற்காலத்தில் இவ்விரண்டும் மெல்லப் பிரிந்தன. ஆறாம் நூற்றாண்டில் ஜஸ்டினியன் பேரரசரின் சட்டத் தொகுப்பு, முதியோரைப் பேணும் இல்லங்களைத் தனிப் பெயரிட்டே குறிப்பிடுகிறது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் வின்செஸ்டர் நகரில் நிறுவப்பெற்ற தூய சிலுவை இல்லத்தில் முதியவர்கள் இன்றும் நீண்ட அங்கி அணிந்து 'சகோதரர்' என்னும் பெயரோடு வாழ்கின்றனர். ஆயினும் காலப்போக்கில் பெரும்பாலான இடங்களில் சகோதரன் என்னும் சொல் மறைந்து, 'ஆதரவு பெறுவோர்' என்னும் சொல்லே எஞ்சியது. நம் நாட்டில் 2007-ஆம் ஆண்டுப் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்பு நலச் சட்டம், மாவட்டத்திற்கு ஒன்றேனும் முதியோர் இல்லம் அமைக்கப்படலாம் என்றும், முதலில் 150 ஏழை முதியோரேனும் அதில் தங்க இடம் வேண்டும் என்றும் கூறுகிறது. 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டு மக்களில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் அறுபது வயதைக் கடந்தவராயிருந்தனர். ஆகவே சட்டம் தேவையானதே. ஆனால் சட்டத்தால் கட்டிலை எண்ண முடியும்; பக்கத்துக் கட்டிலில் இருப்பவர் யார் என்று கேட்க முடியாது.

இது பிறரைப் பற்றிய பேச்சு என்று ஆயர்களாகிய நாம் எண்ணிவிடலாகாது. ஓய்வு பெறும் நாளில் குருமனையைக் காலி செய்து சாவியை ஒப்படைக்கும் ஆயருக்கு, அதுவரை தமக்கெனச் சொந்த வீடோ, அண்டை அயலாரோ இருந்ததில்லை. எத்தனையோ சபைகளில் எத்தனையோ பேரை அறிந்தவர், ஒரு தெருவில் யாரும் அறியாதவராய்க் குடியேறுகிறார். முதியோர் இல்லத்திற்கு மாதம் ஒருமுறை திருவிருந்துப் பேழையோடு சென்று அரை மணி நேரத்தில் திரும்பிய நாமும், அவ்வரை மணிக்குப் பின் அங்கே என்ன நடக்கிறது என்பதை அப்போதுதான் எண்ணத் தொடங்குகிறோம்.

தருமபுரிக்கு வெகு தொலைவில் இல்லாத திருப்பத்தூரில் 1921-இல் தொடங்கப்பெற்ற கிறிஸ்துகுல ஆசிரமம் இவ்விடத்தில் நம் கருத்துக்குரியது. அதனை நிறுவிய சவரிராயன் ஏசுதாசன், எர்னஸ்ட் பாரஸ்டர் பேட்டன் ஆகிய இருவரும் மருத்துவர்கள். முன்னவர் தமிழர், பின்னவர் ஸ்காட்லாந்து நாட்டுச் செல்வக் குடும்பத்தவர். மணம் புரியாது, கதர் உடுத்து, மரக்கறி உணவு உண்டு, நோயாளரைப் பேணி வாழ்ந்தனர். திராவிடக் கட்டடக் கலை மரபில் எழுந்த அவர்களது ஜெபாலயத்தைப் பற்றியும், உள்நாட்டுத் தன்மை வாய்ந்த கிறிஸ்தவத்தைப் பற்றி ஏசுதாசன் எழுதிய நூல்களைப் பற்றியும் இறையியல் மாணவர் பலர் ஆய்வேடு எழுதியுள்ளனர். ஆனால் அவர்கள் அங்கே முதுமையடைந்தார்கள் என்பதை ஒருவரும் ஒரு பொருளாகக் கருதியதாய்த் தெரியவில்லை.

ஆசிரமத்தில் ஏசுதாசன் 'பெரியண்ணன்', பேட்டன் 'சின்னண்ணன்'. ஆளும் இனத்தைச் சேர்ந்த வெள்ளையர், ஆளப்பட்ட இனத்தவர் ஒருவருக்குத் தம்பியானார் என்பதை அக்காலத்து அரசியலோடு வைத்து நோக்குவது வழக்கம். அது சரியே. எனினும் அவ்வழைப்புப் பெயரில் வேறொரு பயனும் உண்டு. இயக்குநர் ஓய்வு பெறுவார். செயலர் ஓய்வு பெறுவார். அண்ணன் ஓய்வு பெறுவதில்லை. கை தளர்ந்தபின்னும், நோயாளரைத் தொட்டுப் பார்க்க இயலாத நாளிலும் அவர் அண்ணனே. ஒன்றாய் மன்றாடி, ஒன்றாய் உழைத்து, ஒன்றாய் உண்ணும் வீட்டில், உழைப்பு மட்டும் குறைந்துபோனவருக்கு மற்ற இரண்டும் குறைவதில்லை. நாற்பத்தெட்டு ஆண்டுகள் அவ்வுறவு நீடித்தது. 1969-இல் பெரியண்ணன் மறைந்தார்; 1970-இல் சின்னண்ணனும் மறைந்தார். இடைப்பட்ட அந்நாள்களில் சின்னண்ணனின் நிலையை எண்ணும்போது நமக்கு ஔவையே நினைவுக்கு வருகிறார்.

உறவுப் பெயரை இவ்வாறு ஆண்டோர் இவர்கள் மட்டுமல்லர். நெல்லைச் சீமையின் டோனாவூரில் ஏமி கார்மைக்கேல் அம்மையார் 1901 முதல் வளர்த்த பெருங்குடும்பத்தில், அவர் 'அம்மா', வெளிநாட்டுச் சகோதரிகள் 'சித்தி', மூத்த தமிழ்ப் பெண்கள் 'அக்காள்', ஆடவர் 'அண்ணாச்சி'. 1916-இல் தமிழ்ப் பெண்கள் எழுவர் பொதுவாழ்வுச் சகோதரிகளாய் இணைந்தனர். தேவதாசி முறைக்குத் தப்புவிக்கப்பட்ட குழந்தைகளைக் காக்கவே அவ்வில்லம் எழுந்தது. முதியோர் இல்லம் அமைப்பது எவர் திட்டத்திலும் இல்லை. ஆனால் அங்கேயே வளர்ந்து, அங்கேயே ஊழியம் புரிந்து, அங்கேயே நரைத்த பெண்கள் பலர். தாம் தூக்கி வளர்த்த குழந்தைகளின் கையாலேயே அவர்கள் பேணப்பட்டனர். திட்டமிடாமல் அமைந்ததாலேயே அது நன்றாய் அமைந்ததோ என்று நாம் சில வேளை ஐயுறுவதுண்டு.

அம்மையார் 1931 அக்டோபர் 24-ஆம் நாள் களக்காட்டில் ஒரு குழியில் தவறி விழுந்து கால் முறிந்தார். அதன்பின் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் பெரும்பாலும் ஒரே அறையில் கழிந்தன. ஊழியம் அத்தோடு முடிந்தது என எவரும் கருதவில்லை. படுக்கையிலிருந்தே நூல்கள் எழுதினார். ஒவ்வொருவருக்கும் சிறு கடிதங்கள் எழுதியனுப்பினார். பிள்ளைகள் அறைக்கு வந்துபோயினர். எனினும் அவ்வாண்டுகளை இனிமையானவையாகவே காட்டும் நூல்களோடு நாம் முற்றும் உடன்படுவதற்கில்லை. வலி இருந்தது, உறக்கமற்ற இரவுகள் இருந்தன, தாம் பிறர்க்குச் சுமையாகிவிட்டோமோ என்னும் அச்சமும் இருந்தது. முதுமையின் அவ்வச்சத்தை உடன்வாழ்வு அகற்றிவிடவில்லை. அதை வாய்விட்டுச் சொல்வதற்குக் கதவுக்கப்பால் ஆள் இருந்தார்கள், அவ்வளவே.

1951 ஜனவரி 18-ஆம் நாள் அவர் இறந்தபோது, தம் கல்லறைமேல் கல் நாட்டலாகாது என்னும் அவரது விருப்பம் மதிக்கப்பட்டது. டோனாவூர்ப் பிள்ளைகள் கல்லுக்குப் பதிலாகப் பறவைகள் நீருண்ணும் தொட்டி ஒன்றை அங்கே வைத்தனர். அதில் பொறிக்கப்பட்டிருப்பது 'அம்மா' என்னும் ஒரே சொல்.