மூசி வெள்ளமும் ஏரிக் கணக்கும்

புயல், வெள்ளம் என்றால் கடலோரத்து ஜனங்கள்தானே பயப்படணும், ஹைதராபாத்தில் இருக்கிற நமக்கென்ன என்று சங்கத்து அன்பர்கள் சிலர் கேட்பதுண்டு. 1908 செப்டம்பர் 28-இல் மூசி நதி இந்நகரைப் புரட்டிப் போட்டதே, அதுவும் வங்கக்கடலில் பிறந்த புயல் கொண்டுவந்த மழைதான். இறந்தவர்கள் ஏறத்தாழ 15,000 பேர் என்பார்கள். அப்சல்கஞ்சில் ஒரு புளியமரத்தின் மேல் ஏறியே சுமார் 150 பேர் பிழைத்தார்கள். இன்றைய உஸ்மானியா மருத்துவமனை வளாகத்தில் அந்த மரம் இருக்கிறது. போகிறவர்கள் ஒருமுறை பார்த்துவிட்டு வாருங்கள்.

ஆறாம் நிஜாம் மகபூப் அலிகான் அழைப்பின் பேரில் 1909-இல் விஸ்வேஸ்வரய்யா வந்து ஆராய்ந்தார். அவர் எடுத்த கணக்கு என் போன்ற வியாபாரிக்கு உடனே உறைக்கும். மூசியின் நீர்ப்பிடிப்பில் 788 ஏரிகள். அவற்றில் 221 உடைந்திருந்தன. மேலேயுள்ளது உடைய, அந்தத் தண்ணீர் கீழேயுள்ளதையும் உடைத்துக்கொண்டு வந்திருக்கிறது. அவர் யோசனைப்படி வெள்ளத்தைத் தாங்கி நிறுத்த உஸ்மான் சாகர் 1920-இலும், ஹிமாயத் சாகர் 1927-இலும் எழுந்தன. 1912-இல் நகர அபிவிருத்தி வாரியமும் அமைந்தது. பெரிய வேலைதான், மறுப்பதற்கில்லை. ஆனால் அந்தச் சின்ன ஏரிகளை யார் பார்த்துக்கொண்டார்கள்?

இங்கே எங்கள் வந்தவாசிப் பக்கத்து ஊர் ஒன்று நினைவுக்கு வருகிறது. உத்திரமேரூரில் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) ஏரி வாரியம் என்றே தனிக் குழுவைச் சொல்கின்றன. குடவோலையில் ஆள் எடுப்பார்கள், 360 நாள் பதவி. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவன் பெயரைக் குடத்திலேயே போடக்கூடாது. அவன் நெருங்கிய உறவுக்காரர்களுக்கும் அதே கதிதான்! மச்சானுக்காக மச்சான் மழுப்பும் வழியையும் அடைத்துவிட்டார்கள் பாருங்கள்.

நம் நகரிலோ 1996-இல் 111-ஆம் எண் அரசாணை அந்த இரு நீர்த்தேக்கங்களைச் சுற்றிப் பத்துக் கிலோமீட்டருக்குக் கட்டடங்களைக் கட்டுப்படுத்தியது. 2022-இல் அதைத் தளர்த்தி வேறோர் ஆணை வந்தது. இடையில் 2020 அக்டோபர் 13-இல் காக்கிநாடா அருகே கரை கடந்த காற்றழுத்தம் உள்ளே நகர்ந்து இங்கே கொட்டித் தீர்த்தது. கடல் சூடேறச் சூடேற இத்தகைய மழை கூடும் என்கிறார்கள் வானிலை அறிஞர்கள். அதே வாரம் பாலாப்பூரில் குர்ரம் செருவு உடைந்து, கீழேயிருந்த வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. 221 ஏரிகள் உடைந்து 112 வருஷம் ஆகியிருந்தது அப்போது.