சென்னைத் துறைமுகத்தின் பயணிகள் கப்பல்கள்

இராயபுரத்துக்குத் தெற்கே உள்ள சென்னைத் துறைமுகத்தில் மக்கள் கப்பலேறியது நெடுங்காலம் பெரும்பாலும் பிழைப்புக்காகவே. 1926இல் கட்டப்பட்ட ‘ரஜூலா’ கப்பல், நாகப்பட்டினம் வழியாகப் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் சென்று வந்தது. அறை எடுக்க வசதியில்லாத டெக் பயணிகள், டிரங்குப் பெட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தளத்திலேயே பாய் விரித்துப் படுத்தனர். 1970களில் ரஜூலா ஓய்ந்ததும் ‘எம்.வி. சிதம்பரம்’ அந்தத் தடத்தில் ஓடியது. 1985 பிப்ரவரியில் நடுக்கடலில் நேர்ந்த தீவிபத்தோடு அதன் பயணிகள் சேவை முடிந்தது. அதற்குள் விமானப் பயணம் பரவியிருந்தது.

பின்னாளில் இதே துறைமுகத்தில் மக்கள் பிழைப்புக்காக அல்லாமல் உல்லாசத்துக்காகவும் கப்பலேறினர். 2022 ஜூன் 4 அன்று முதல்வர் மு.க. ஸ்டாலின் கொடியசைக்க, ‘எம்பிரஸ்’ சொகுசுக் கப்பல் இங்கிருந்து புறப்பட்டது. நீச்சல்குளமும் உணவகங்களும் கொண்ட இக்கப்பலில் குடும்பங்களும் நண்பர் குழுக்களும் ஆழ்கடலைச் சுற்றிவிட்டுத் திரும்பின. 2023 ஜூனில் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை ஆகிய இலங்கைத் துறைகளுக்கும் இக்கப்பலின் சுற்றுலா நீண்டது.