வரியால் விளைந்த வகைகள்

ஸ்காட்லாந்து நாட்டு விஸ்கியில் மேட்டுநிலத்தது ஒரு சுவை, தாழ்நிலத்தது ஒரு சுவை என்பர். இவ்வேறுபாடு நீராலும் மண்ணாலும் மட்டும் உண்டானதா? வரலாறு வேறொரு காரணமும் கூறுகின்றது.

1784ஆம் ஆண்டு பிரிட்டிஷ் பாராளுமன்றம் அந்நாட்டின் குறுக்கே ஒரு கோடு வகுத்தது. வடக்கேயுள்ள மேட்டுநிலத்திற்குக் குறைந்த தீர்வை; தெற்கேயுள்ள தாழ்நிலத்திற்கு மிகுந்த தீர்வை. 1786இல் தாழ்நிலத்தாருக்கு வாலையின் கொள்ளளவைக் கொண்டு தீர்வை விதிக்கப்பட்டது. ஒருமுறை வடித்தாலும் நூறுமுறை வடித்தாலும் வரி ஒன்றே! ஆகவே அவர்கள் அகன்ற, ஆழமற்ற வாலைகளைச் செய்து, ஓய்வின்றி விரைந்து வடித்தனர். அளவு பெருகிற்று, தரம் கெட்டது. மேட்டுநிலத்தார் சிறு வாலைகளில் மெல்ல வடித்ததோ மணமும் சுவையும் உடையதாயிற்று. கள்ளத்தனமாகத் தெற்கே சென்றது.

1823ஆம் ஆண்டுச் சட்டம் 10 பவுன் உரிமக் கட்டணம் விதித்து, வடித்த அளவுக்கே தீர்வை தண்டியது. மறு ஆண்டு கிளென்லிவெட்டில் ஜார்ஜ் ஸ்மித் உரிமம் பெற்றார். கள்ளக் கடத்தலால் பிழைத்த அயலார் அவரை அச்சுறுத்தினர். இரு கைத்துப்பாக்கிகளுடனேயே அவர் நடமாட நேர்ந்தது.

அக்கோட்டின் சாயல் இன்றும் மறையவில்லை. 2009ஆம் ஆண்டு விதிகள் மேட்டுநிலம், தாழ்நிலம், ஸ்பேசைடு, ஐலா, காம்பெல்டவுன் என்னும் ஐந்து பெயர்களைக் காக்கின்றன. ஐலாவின் புகைமணம், வாற்கோதுமை முளையைச் சதுப்புநிலக் கரியின் புகையில் உலர்த்துவதால் வருவது. அஃது இயற்கையின் கொடை. மேட்டுநிலத்தையும் தாழ்நிலத்தையும் பிரித்த எல்லையையோ அரசின் எழுதுகோல் வகுத்தது.

மாணவர்களே, மதுவைப் போற்றுவதற்காக இதனைக் கூறினேனல்லேன். சட்டம் இயற்றுவோர் கருதியது ஒன்று, விளைந்தது வேறொன்று. வரலாறு பயில்வோர் மறவாது நோக்கத்தக்கது இதுவே.