தண்டவாளம் போச்சு, மண் பாதை இருக்கு



காமன்வெல்த் டிரைவ் முனீஸ்வரர் கோயிலுக்குப் போறவங்க பக்கத்துல ஒரு மண் பாதை ஓடுறதைப் பார்த்திருப்பீங்க. அதுதான் ரயில் காரிடார். தஞ்சோங் பகாரிலிருந்து உட்லண்ட்ஸ் வரை 24 கிலோமீட்டர். அந்தக் கோயில் பிறந்த கதையும் இந்தப் பாதையில்தான் ஆரம்பிக்குது.

1932ல புக்கிட் தீமாவிலிருந்து தஞ்சோங் பகாருக்குப் புது ரயில் பாதை திறந்தாங்க. மலாயா ரயில்வேயில தண்டவாளம் பார்த்துக்கிட்ட கூலி வேலைக்காரங்கள்ல நம்ம ஆளுங்க நிறைய. அதே 1932ல குயின்ஸ்வே பக்கம், தண்டவாள ஓரமா, ரயில்வே ஊழியர்கள் முனீஸ்வரருக்கு ஒரு சின்னக் கோயில் வச்சாங்க. வழித்துணைக்கு முனியாண்டியைக் கும்பிடாம யாரு வேலைக்குப் போவாங்க!

ரயில் நிலம் அப்போ மலேசியாவோடதா இருந்துச்சு. அதனால சுத்தி அடுக்குமாடி எழும்பினாலும் இந்தப் பட்டையில மட்டும் யாரும் கட்டடம் கட்ட முடியல. அக்கம்பக்கத்து ஆளுங்க ஓரத்துல வாழை, மரவள்ளி போட்டாங்க. மிச்ச இடத்துல காடு தானா வளர்ந்துச்சு.

2010 மே மாசம் ரெண்டு அரசாங்கமும் உடன்பாட்டுக்கு வந்தப்போதான் பயம் வந்துச்சு. நிலம் கைமாறினதும் சாலையோ வீடோ வந்துடும்னு. அந்த வருஷமே சிங்கப்பூர் இயற்கைச் சங்கம், இதைப் பசுமைப் பாதையாவே விட்டுடுங்கன்னு அரசாங்கத்துக்கு எழுதிக் கொடுத்துச்சு. 2011 ஜூன் 30 ராத்திரி கடைசி ரயிலை ஜோகூர் சுல்தானே ஓட்டிட்டுப் போனார். தண்டவாளத்தைப் பெரும்பாலும் கழட்டிட்டாங்க. பாதையை அறுக்காம தொடர்ச்சியா வச்சுக்கிட்டாங்க.

"ஏன் தார் போடல?"ன்னு சிலர் கேக்கறாங்க. மண்ணும் சரளையும் புல்லும்னா மழைத்தண்ணி உள்ள இறங்கும், பூச்சி புழு வாழும், அதைத் தின்ன பறவை வரும். புக்கிட் தீமா காட்டையும் மத்த பசுமை இடங்களையும் கோர்க்கிற நூல் இது. கூண்டுல அடைக்கப் பிடிச்சுப் பிடிச்சே மத்த நாடுகள்ல அருகிப்போன வைக்கோல்தலைச் சின்னானோட பாட்டு இங்க இன்னும் கேக்குது.

தண்டவாள ஓரத்துல இருந்த அந்தப் பழைய சின்னக் கோயில் இப்ப இல்ல. 1998ல இப்ப இருக்கிற இடத்துல கும்பாபிஷேகம் ஆச்சு. ஆனா அவங்க நடந்த தடம் அப்படியே இருக்கு. எனக்கு அதுதான் பெரிசாத் தெரியுது.

தரிசனம் முடிச்சுட்டு ஒரு தடவை நடந்து பாருங்க. பட்டுச்சேலையோட வேணாம், மழை பெஞ்சா சேறு வழுக்கும்.