நீலியும் அண்டங்காக்கையும்

காரைக்குடிப் பக்கத்து வீடுகளில் அடங்காத பெண்ணைத் திட்டுவதற்கென்று இருக்கும் பழஞ்சொற்களுள் 'நீலி' என்பதும் ஒன்று. சொன்ன சொல் கேளாதவள், அழுது காரியம் சாதிப்பவள், வேடம் போடுபவள் என்று இடத்திற்கேற்ப அதன் பொருள் மாறும். 'நீலிக்கண்ணீர்' என்னும் தொடரோ தமிழ் வழங்கும் இடமெங்கும் வழங்குவது. இச்சொல்லுக்குப் பின்னால் ஒரு காப்பியத் தலைவி நிற்கிறாள் என்பதை மட்டும் நாம் ஏறத்தாழ மறந்துவிட்டோம்.

பாடுவார் முத்தப்பரின் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் கீழச்சிவல்பட்டிக்கு, நண்பர் ஒருவரின் வீட்டு விசேடத்திற்காக ஒருமுறை சென்றிருந்தோம். வளவின் தூணோரம் அமர்ந்து, பதினொன்றாம் வகுப்பில் படிக்கும் நண்பரின் மகள் குறிப்பேட்டில் ஏதோ வரைந்துகொண்டிருந்தாள். கறுப்புச் சுடிதார், நகங்களிலும் கறுப்புச் சாயம். குறிப்பேட்டில் நீல முக்காடிட்ட ஒரு பெண், தரையில் கால் பாவாமல் பத்மாசனத்தில் அமர்ந்திருந்தாள். "நல்ல நாளும் அதுவுமா கறுப்பைப் போட்டுக்கிட்டு ஒக்காந்திருக்கிறதைப் பாருங்க, நீலி மாதிரி" என்றார் அவளுடைய அப்பத்தா. அந்தப் பெண் சினக்கவில்லை. நம் பக்கம் திரும்பி, "நீலின்னா யாரு, சார்?" என்று கேட்டாள்.

இருபது ஆண்டுகளாக வகுப்பறையில் காப்பியம் நடத்திவரும் நமக்குச் சட்டென்று விடை வரவில்லை. எந்த நீலியைச் சொல்வது என்பதே நம் தடுமாற்றம். அன்று பேச்சை மாற்றிவிட்டோம். அந்த விடையை இங்கே எழுதிப் பார்க்கிறோம்.

முதலில் அவள் வரைந்திருந்த பெண்ணைப் பற்றிச் சொல்லவேண்டும். அவள் பெயர் ரேவன். ஆங்கிலத்தில் அண்டங்காக்கை என்று பொருள். மார்வ் உல்ஃப்மன் என்ற எழுத்தாளரும் ஜார்ஜ் பெரெஸ் என்ற ஓவியரும் 1980-ஆம் ஆண்டில் டிசி நிறுவனத்தின் சித்திரக்கதைகளுக்காகப் படைத்த பாத்திரம். 2003 முதல் 2006 வரை கார்ட்டூன் நெட்வொர்க்கில் ஐந்து பருவங்களாக, 65 பகுதிகளாக வெளிவந்த 'டீன் டைட்டன்ஸ்' என்ற அசைவூட்டத் தொடர்தான் அவளை உலகெங்கும் உள்ள பதின்பருவத்தாரிடம் கொண்டுசேர்த்தது. தீமையே உருவான ட்ரைகன் என்னும் அசுரனுக்கும் மானுடப் பெண் ஒருத்திக்கும் பிறந்தவள் அவள். அசாரத் என்னும் வேற்றுலகில் துறவியரிடம் வளர்ந்து, தியானத்தையும் மன அடக்கத்தையும் கற்கிறாள். அவளுடைய ஆற்றல் உணர்ச்சியோடு பிணைந்தது. சினம் எல்லை மீறினால் சுற்றியுள்ள பொருள்கள் சிதறும். எனவே எப்போதும் முகத்தில் சலனமின்றி, முக்காட்டுக்குள், புத்தகமும் கையுமாக இருப்பாள். தோழர்கள் கேளிக்கைக்கு அழைத்தால் மறுத்துவிடுவாள். மந்திரம் போன்ற மூன்று சொற்களை உச்சரித்து ஆற்றலை ஏவுவாள்.

இத்தகைய பெண்ணுக்கு மேலைநாட்டில் 'காத்' என்று பெயர். அதற்கும் ஒரு வரலாறு உண்டு. ரோமப் பேரரசை எதிர்த்த கோத் இனத்தாரின் பெயர், பிற்காலத்தில் இடைக்காலக் கட்டடக்கலைக்கு இகழ்ச்சிப் பெயராக ஒட்டப்பட்டது. ஹோரஸ் வால்போல் 1764-இல் எழுதிய 'ஒட்ரான்டோ கோட்டை' என்ற புதினத்தின் வழியாக அது பாழடைந்த மாளிகை, ஆவி, அச்சம் ஆகியவற்றைப் பேசும் இலக்கிய வகைக்கு உரியதாயிற்று. 1816-இல் 'ஃபிராங்கன்ஸ்டைன்' நாவலை எழுதத் தொடங்கியபோது மேரி ஷெல்லிக்கு வயது 18. 1970-களின் இறுதியில் இங்கிலாந்தின் இசைக்குழுக்களும், 1982-இல் இலண்டனில் தொடங்கிய 'பேட்கேவ்' போன்ற கேளிக்கை விடுதிகளும் அதை உடையாகவும் ஒப்பனையாகவும் வாழ்முறையாகவும் ஆக்கின. சாவுக்குரிய கறுப்பைத் தாமே விரும்பி உடுத்துவதன் மூலம், 'நீங்கள் மறைக்க விரும்புவதை நாங்கள் அறிவோம்' என்று அவ்விளைஞர்கள் பெரியவர்களுக்குச் சொன்னார்கள் எனலாம். இகழ்ச்சியாக வந்த பெயர் காலப்போக்கில் விரும்பிச் சூடும் பெயராக மாறியது என்பது ஈண்டு நோக்கத்தக்கது.

நம் 'நீலி'க்கு நேர்ந்ததோ இதன் தலைகீழ். ஒரு நூலின் தலைவியாக வாழ்ந்த பெயர், வெறும் வசையாகத் தேய்ந்துவிட்டது.

பழையனூர் நீலியின் கதை தொன்மையானது. திருவாலங்காட்டை அடுத்த பழையனூரில் நிகழ்ந்ததாகச் சொல்லப்படுவது. 7-ஆம் நூற்றாண்டினரான திருஞானசம்பந்தரின் திருவாலங்காட்டுப் பதிகத்திலேயே இதன் குறிப்பு உள்ளது. முற்பிறவியில் தன்னைக் கொன்ற கணவன் மறுபிறவியில் வணிகனாக வருகிறான். பேயாகிய நீலி, கள்ளிக்கொம்பைக் குழந்தையாக்கி இடுப்பில் ஏந்தி, தானே அவன் மனைவி என்று ஊர்ப் பெரியோர் முன் அழுது வழக்குரைக்கிறாள். அவன் அஞ்சுகிறான். அவன் உயிருக்குத் தாம் பிணை என்று வேளாளர் எழுபதின்மர் வாக்களித்து அவனை அவளோடு அனுப்புகிறார்கள். விடிவதற்குள் அவன் கொல்லப்படுகிறான். வாக்குக் காக்க எழுபதின்மரும் தீப்பாய்ந்து உயிர் துறக்கின்றனர். நம் மொழி இக்கதையிலிருந்து எடுத்துவைத்துக்கொண்டவை இரண்டு: வேளாளரின் வாய்மை, நீலியின் கண்ணீர். முதலில் கொல்லப்பட்டவள் அவளே என்ற செய்தி வழக்கில் நிலைக்கவில்லை.

இந்தப் பழையனூர் நீலியைத்தான் சமணப் புலவர் ஒருவர் எடுத்து, 'நீலகேசி' என்ற காப்பியத்திற்குத் தலைவியாக்கினார். ஐஞ்சிறு காப்பியங்களுள் ஒன்றாக எண்ணப்படும் அந்நூலின் ஆசிரியர் பெயர் தெரியவில்லை. காலம் 10-ஆம் நூற்றாண்டை ஒட்டியது என்பர். பத்துச் சருக்கங்கள், ஏறத்தாழ 900 பாடல்கள். வாமன முனிவரின் 'சமயதிவாகரம்' என்னும் உரையோடு பேராசிரியர் அ. சக்கரவர்த்தி 1936-இல் இதைப் பதிப்பித்தார்.

கதை பாஞ்சால நாட்டுச் சுடுகாடு ஒன்றில் தொடங்குகிறது. அங்கே காளி கோயில். அருகில் முனிச்சந்திரர் என்னும் சமண முனிவர் தவம் செய்கிறார். அரசியின் பிள்ளைப்பேற்றுக்காக உயிர்ப்பலி கொடுக்க வந்தோரிடம், மண்ணால் விலங்குருவம் செய்து படைத்தால் போதும் என்கிறார். பலி நின்றதால் காளி வெகுண்டு, தென்னாட்டுப் பழையனூர் நீலியின் துணையை நாடுகிறாள். நீலி வந்து பேயுருக் காட்டி முனிவரை அச்சுறுத்துகிறாள். பலிக்கவில்லை. இளவரசியின் உருவெடுத்து மயக்கப் பார்க்கிறாள். அதுவும் பலிக்கவில்லை. முனிவர் அவளை இன்னாரென்று அறிந்துகொள்கிறார். ஆனால் சபிக்கவோ விரட்டவோ இல்லை. அவள் கேட்க, அறம் உரைக்கிறார். பேய் மாணவியாகிறது.

ஊர்க்கதைக்கும் காப்பியத்திற்கும் உள்ள வேறுபாடு இதற்குப் பின்னர்தான் தெளிவாகத் தெரிகிறது. அறம் கேட்ட நீலி மணம் புரிந்துகொண்டு வீடடங்கவில்லை. மூலையில் அமர்ந்து விடவுமில்லை. ஊர் ஊராகச் சென்று அறிஞர்களை வாதுக்கு அழைக்கிறாள். குண்டலகேசி, அருக்கசந்திரன், மொக்கலன், இறுதியில் புத்தர் என்று பௌத்தர் வரிசை ஒன்று. ஆசீவகர், சாங்கியர், வைசேடிகர், வேதவாதி, பூதவாதி என்று மற்றொரு வரிசை. முதற் சருக்கம் நீங்கலாக, நூல் முழுவதும் வாதமே. காப்பியத் தலைவிக்குரிய காதலோ பிரிவுத் துயரோ கற்புச் சோதனையோ அவளுக்கு இல்லை. அரசவையில் நின்று ஆடவர் பலரோடு தத்துவம் பேசி வெல்வதே அவள் செயல்.

அவள் முதலில் வெல்லும் குண்டலகேசியும் ஓர் அடங்காப் பெண்ணே. நாதகுத்தனார் எழுதிய குண்டலகேசிக் காப்பியம் மறைந்து, சில பாடல்களே எஞ்சியுள்ளன. ஆனால் பாலி உரைநூல்கள் அவள் கதையைச் சொல்கின்றன. செல்வ வணிகரின் மகள். பதினாறு வயதளவில் மாளிகையின் மேல்மாடத்தில் காவலில் வைக்கப்பட்டவள். சாளரம் வழியே கொலைக்களம் செல்லும் கள்வனைக் கண்டு காதலித்து மணக்கிறாள். நகைக்காக அவன் தன்னை மலையுச்சிக்கு அழைத்துச் சென்று கொல்ல முயன்றபோது, முந்திக்கொண்டு அவனைத் தள்ளிவிடுகிறாள். வீடு திரும்பாமல் துறவியாகி வாதத்தில் புகழ்பெறுகிறாள். கடல் கடந்து பொருளீட்டிய வணிகர்கள் எழுப்பிய செட்டிநாட்டு மாளிகைகளினூடே நடக்கும்போது, அந்த மேல்மாடத்துப் பதினாறு வயதுப் பெண் நமக்கு நினைவுக்கு வராமல் இருப்பதில்லை.

இனி, ரேவனையும் நீலகேசியையும் அருகருகே வைத்துப் பார்ப்போம். நீலி தெய்வம், பதின்பருவச் சிறுமி அல்லள். ரேவனைப் படைத்தோர் நம் காப்பியத்தைப் படித்திருப்பார்கள் என்றும் நாம் கருதவில்லை. ஆயினும் அமைப்பு ஒன்றாக இருக்கிறது. இருவரும் அச்சத்திற்குரிய பிறப்பினர். இருவருக்கும் இருண்ட பெயர். நீலகேசி என்றால் கருங்கூந்தலாள். ஒருத்தி சுடுகாட்டோடும், மற்றவள் பிணந்தின்னும் பறவையின் பெயரோடும் பிணைக்கப்பட்டவள். இருவரும் துறவியரிடம் மனத்தை ஆளக் கற்கிறார்கள். கற்றபின் இருவருக்கும் உள்ளமே படைக்கலம் ஆகிறது.

மேலும் ஓர் ஒற்றுமை முதன்மையானது. ரேவன் தன் தந்தை உலகை அழிக்க நுழையும் வாயிலாக ஆவாள் என்பது பிறக்கும்போதே விதிக்கப்பட்டது. 2005-இல் ஒளிபரப்பான நான்காம் பருவத்தின் மையக் கதை அந்த விதியைச் சுற்றியே நிகழ்கிறது. விதி நடந்தும் விடுகிறது. ஆனால் இறுதியில், பெற்றதனால் மட்டும் நீ தந்தை ஆகிவிடமாட்டாய் என்ற கருத்துப்பட அவனிடம் பேசி, அவனை அழிக்கிறாள். அதற்கு அவள் பயன்படுத்துவது அவனிடமிருந்து வந்த ஆற்றலையே. நீலகேசியும் அவ்வாறே. காளி அனுப்பிய பணியை அவள் செய்யவில்லை. எனினும் அஞ்சாமை, விடாப்பிடி, எதிராளியின் நிலையை ஊடுருவிக் காணும் கூர்மை ஆகிய பேய்க்குணங்களை அவள் கைவிடவும் இல்லை. அவற்றையே வாதத்திற்குத் திருப்பினாள். மணிமேகலையும் இவ்வரிசையினளே. கணிகையர் குலத்தில் பிறந்தவள் ஆடலரங்கேற வேண்டும் என்று பாட்டி சித்திராபதி வற்புறுத்த, வேற்றுருக் கொள்ளவும் வான்வழிச் செல்லவும் பசி தாங்கவும் மூன்று மந்திரம் பெற்ற அந்த இளம்பெண் அதை மறுத்து நடந்தாள். பிறப்பு கொடுத்ததை மறுக்க வேண்டியதில்லை, அதை எதற்குப் பயன்படுத்துவது என்று தீர்மானிக்கும் உரிமையே தேவை என்பதுதான் இக்கதைகளின் உட்பொருள் என்று கருதுகிறோம்.

ஒரு குறையையும் மறைக்கலாகாது. நீலகேசி சமணத்தை நிலைநாட்ட எழுந்த நூல். நீலியின் குரலில் பேசுவது பெரும்பாலும் ஆசிரியரின் சமயமே. புறச்சமயத்தாரை அவர் நடத்தும் முறை எப்போதும் நேர்மையானது என்று சொல்ல முடியாது. ஆயினும் தம் சமயத்தின் முழு அறிவையும் ஏந்திச் செல்ல அவர் தேர்ந்தெடுத்தது ஊரார் அஞ்சிய ஒரு பெண்பேயை என்பது சிறிய செய்தி அன்று. 'நீலி' என்னும் வசையை அவர் அறியாதவர் அல்லர். அறிந்தே அதைத் தம் நூலின் தலைப்பில் வைத்தார்.

நாமோ அந்த நூலைத் தேர்வுக்குரிய ஒரு மதிப்பெண் வினாவாகச் சுருக்கிவிட்டோம். ஐஞ்சிறு காப்பியங்கள் யாவை என்று கேட்டால் மாணவர்கள் பெயர்களை வரிசை பிறழாமல் சொல்வார்கள். நீலகேசி யார், என்ன செய்தாள் என்று கேட்டால் வகுப்பு அமைதியாகிவிடும். அந்த அமைதிக்கு நம் போன்ற ஆசிரியர்களும் பொறுப்பு. கறுப்பு உடுத்திக்கொண்டு தனியே இருக்க விரும்பும் ஒரு பெண், தன்னைப் போன்ற ஒருத்தியைத் தேடி அமெரிக்கத் தொடர் வரை போகவேண்டி இருக்கிறதென்றால், வீட்டிலிருந்த ஒருத்தியை நாம் அவளுக்கு அறிமுகம் செய்துவைக்கவில்லை என்றே பொருள்.

அப்பத்தாவின் மீது நமக்கு வருத்தம் ஏதும் இல்லை. அவர் சொன்ன ஒப்புமை, அவர் அறியாமலேயே, சரியானது. அடுத்த முறை கீழச்சிவல்பட்டிக்குச் செல்லும்போது நீலகேசியின் உரைப்பதிப்பு ஒன்றை உடன் எடுத்துச் செல்வதாக இருக்கிறோம். "நீலின்னா யாரு" என்ற கேள்விக்கு முதற் சருக்கத்தையேனும் அவளுடன் உட்கார்ந்து படிக்க வேண்டும். மற்ற ஒன்பது சருக்கங்களின் வாதங்களையும் அவள் தானே படித்து, நம்மையும் எதிர்த்து வாதிட வந்தால் இன்னும் நல்லது.