கறுப்பு மகிழுந்தின் பளபளப்பு மீட்பு: காத்திவாக்கம் வட்டார வரலாறு

கறுப்பு மகிழுந்தின் பளபளப்பு மீட்பு என்பது, கழுவும்போதும் துடைக்கும்போதும் பூச்சின் மேல் விழுந்த நுண்கீறல்களை நீக்கி, கண்ணாடி போன்ற எதிரொளிப்பை மீண்டும் கொண்டுவரும் வேலையாகும். பட்டறைகளில் இது 'பாலிஷ் போடுவது', 'காம்பவுண்டு அடிப்பது', 'பஃபிங்' என்ற பெயர்களில் வழங்குகிறது. பளபளப்பு என்பது வண்டியின் மேல் கூட்டப்படும் பொருள் என்று பலரும் கருதுகின்றனர். உண்மையில் இந்த வேலையில் பூச்சு குறைக்கப்படுகிறது. கீறலின் அடிமட்டம் வரை சுற்றியுள்ள பரப்பைத் தேய்த்துச் சமப்படுத்தினால்தான் கீறல் மறையும். ஆகவே ஒவ்வொரு மீட்பும் பூச்சின் ஆயுளில் ஒரு பங்கைச் செலவழிக்கிறது.

சென்னையின் வடகோடியில் உள்ள காத்திவாக்கம் (கத்திவாக்கம் என்றும் எழுதுவர்) இந்த வரலாற்றோடு இருவகையில் தொடர்புடையது. மகிழுந்துகளைப் பூட்டும் ஆலை 1940களின் இறுதியில் இங்குள்ள எண்ணூரில் அமைந்தது. பின்னர் இதே கரையில் எழுந்த அனல்மின் நிலையங்களும் துறைமுகமும், வண்டிப் பூச்சைக் கெடுக்கும் சாம்பலையும் கரித்தூளையும் கொண்டுவந்தன.

கறுப்பில் கீறல் தெரிவது ஏன்

வெள்ளை வண்டியிலும் கறுப்பு வண்டியிலும் கீறல்கள் ஒரே அளவில்தான் விழுகின்றன. வெள்ளை நிறமி தன்மேல் விழும் ஒளியைத் தானே எல்லாத் திசைகளிலும் சிதறடிக்கிறது. கீறல் சிதறடிக்கும் சிறிதளவு ஒளி அதில் கரைந்துவிடும். கறுப்பு நிறமியோ ஒளியை விழுங்கிவிடுகிறது. பூச்சின் மேற்பரப்பில் பட்டுத் திரும்பும் ஏறத்தாழ 4 விழுக்காடு ஒளியே கண்ணுக்கு எட்டுகிறது. அந்த இருண்ட பின்னணியில் ஒவ்வொரு கீறலும் வெள்ளிக் கம்பி போல மின்னும்.

வெயிலிலோ தெருவிளக்கின் கீழோ பார்த்தால் இக்கீறல்கள் விளக்கின் பிம்பத்தைச் சுற்றி வட்டம் வட்டமாகத் தோன்றும். இதையே சுழல் கீறல் என்கின்றனர். துடைத்தவர் வட்டமாகத் துடைத்ததால் மட்டும் இது வருவதில்லை. கீறல்கள் பல திசைகளில் கிடந்தாலும், ஒளிக்குக் குறுக்கே அமைந்தவை மட்டுமே மின்னுகின்றன. அவை ஒன்று சேர்ந்து சிலந்தி வலை போலத் தெரிகின்றன.

வார்னிசுக் காலம்

மோட்டார் வண்டிக்கு முன்பே குதிரை வண்டிகளுக்குப் பளபளப்பு இருந்தது. 1840இல் மதராசில் தொடங்கப்பட்ட சிம்சன் நிறுவனம் குதிரை வண்டிகளைக் கட்டியது. 1903இல் அந்நிறுவனத்தைச் சேர்ந்த சாமுவேல் ஜான் கிரீன் நீராவியால் ஓடும் மோட்டார் வண்டி ஒன்றை இந்நகரில் உருவாக்கினார். அக்கால வண்டிகளுக்குத் தூரிகையால் பல அடுக்குகளாக வண்ணமும் எண்ணெய் வார்னிசும் பூசப்பட்டன. ஒவ்வோர் அடுக்கும் காய்ந்த பிறகு எரிமலை நுரைக்கல் தூளால் நீர்விட்டுத் தேய்த்துச் சமப்படுத்துவர். ஒரு வண்டி முடிய வாரக்கணக்கில் ஆகும்.

அமெரிக்காவில் போர்டு நிறுவனம் 1913இல் நகரும் தளத்தில் வண்டி பூட்டத் தொடங்கியதும் இந்தத் தாமதம் பெரிய தடையாயிற்று. 1914 முதல் 1925 வரை அதன் 'மாடல் டி' கறுப்பில் மட்டுமே வெளிவந்தது. தார் வகைப் பொருள் கலந்த அக்கறுப்புப் பூச்சு மலிவானது, நீடித்து உழைப்பது. 1920களின் நடுவில் டூபாண்ட் நிறுவனத்தின் 'டூக்கோ' என்னும் நைட்ரோசெல்லுலோசு பூச்சு பரவியது. தெளிப்பானால் அடிக்கக்கூடிய இப்பூச்சு விரைவில் காய்ந்தது. இந்தியப் பட்டறைகளில் இன்றும் வழங்கும் 'டூக்கோ', 'என்.சி. பெயிண்ட்' என்ற சொற்கள் அந்தக் காலத்தின் எச்சமாகும்.

நைட்ரோசெல்லுலோசுப் பூச்சு தெளித்தவுடன் முழுமையாகப் பளபளப்பதில்லை. வாட்டர் பேப்பரால் நீர்விட்டுத் தேய்த்து, காம்பவுண்டு அடித்த பிறகே மின்னும். எனவே அக்காலத்தில் தேய்ப்பது பூச்சு வேலையின் ஒரு பகுதியாகவே இருந்தது. காய்ந்த பூச்சு தின்னரில் மீண்டும் கரையும் தன்மையுடையது என்பதால், புதிய அடுக்கு பழையதோடு நன்கு ஒட்டிக்கொள்ளும். தேய்ந்த இடத்தில் மறுபடி அடிப்பது எளிதாக இருந்தது.

எண்ணூரில் மகிழுந்து

விடுதலைக்குப் பின், நேருவின் தூண்டுதலால் ரகுநந்தன் சரண் 1948 செப்டம்பரில் அசோக் மோட்டார்சு நிறுவனத்தைத் தொடங்கினார். இங்கிலாந்திலிருந்து பகுதிகளாக வந்த ஆஸ்டின் மகிழுந்துகளைப் பூட்டுவது இதன் நோக்கம். 1949இல் எண்ணூர் ஆலையிலிருந்து ஆஸ்டின் ஏ40 வண்டி வெளிவந்தது. மீனவர் குடியிருப்புகளும் உப்பளங்களும் இருந்த கடலோரத்தில் மோட்டார்த் தொழில் இவ்வாறு காலூன்றியது.

மகிழுந்துக் காலம் நீடிக்கவில்லை. 1950இல் லேலண்ட் சரக்குந்துகளுக்கான உடன்பாடு ஏற்பட்டது. வெறும் பூட்டுதலோடு நிற்காமல் உள்நாட்டிலேயே உற்பத்தி செய்யும் திட்டமுள்ள நிறுவனங்கள் மட்டுமே தொடரவேண்டும் என்ற கொள்கையை 1953இல் சுங்கவரி ஆணையம் முன்வைத்தது. 1955இல் நிறுவனத்தின் பெயர் அசோக் லேலண்ட் என மாறியது. எண்ணூர் சரக்குந்துக்கும் பேருந்துக்கும் உரிய ஊரானது.

அதே 1955இல் பக்கத்துத் திருவொற்றியூரில் மதராஸ் மோட்டார்சும் இங்கிலாந்தின் ராயல் என்பீல்டும் இணைந்து என்பீல்டு இந்தியாவைத் தொடங்கின. புல்லட்டின் கறுப்பு எரிபொருள் தொட்டியும் அதன்மேல் கையால் இழுத்த பொன்னிறக் கோடுகளும் அவ்வாலையின் அடையாளமாயின. அந்தக் கோட்டைத் தூரிகையால் ஒரே இழுப்பில் போடவேண்டும். கோடு நிற்கும் கறுப்புப் பரப்பில் மேடு பள்ளம் இருந்தால் அது அப்படியே தெரியும். கறுப்பைச் சமமாக்கும் திறமை இவ்வட்டாரத் தொழிலாளர் கைகளில் தலைமுறையாக இருந்தது என்பதற்கு அந்தத் தொட்டிகளே சான்று.

பூச்சு மெலிந்த கதை

நைட்ரோசெல்லுலோசுக்குப் பின் சூளையில் சுட்டுக் காயவைக்கும் எனாமல் பூச்சுகள் வந்தன. இவை தேய்க்காமலே பளபளத்தன. அடுத்து வந்தது இரண்டடுக்கு முறை. கீழே நிறம் தரும் மெல்லிய அடுக்கு. மேலே கிளியர் கோட் எனப்படும் நிறமற்ற அடுக்கு. இந்தியச் சாலைகளில் 1990களுக்குப் பிறகு வந்த வண்டிகளில் இதுவே பெருவழக்கு.

இரண்டையும் பிரித்தறியப் பட்டறைக்காரர் எளிய சோதனை ஒன்று செய்வர். மறைவான ஓரிடத்தில் வெள்ளைத் துணியில் சிறிது காம்பவுண்டு தொட்டுத் தேய்த்தால், பழைய ஓரடுக்குப் பூச்சில் துணி கறுக்கும். கிளியர் கோட் இருந்தால் துணியில் நிறம் ஏறாது.

கிளியர் கோட்டின் கனம் பொதுவாக 35 முதல் 50 மைக்ரான் வரை இருக்கும். தலைமயிர் ஒன்றின் குறுக்களவைவிட இது குறைவு. புறஊதாக் கதிரிலிருந்து நிறத்தைக் காப்பதும் இந்த அடுக்குதான். இதைத் தேய்த்துத் தீர்த்துவிட்டால் அடியிலுள்ள நிறம் வெளுக்கும், மேற்பரப்பு உரியும். முழுப் பலகையையும் மறுபடி அடிப்பதைத் தவிர வழி இல்லை. தாத்தா காலத்து வண்டியில் ஆண்டுதோறும் செய்த காம்பவுண்டு வேலையை இன்றைய வண்டியில் செய்யக்கூடாது என்பதற்குக் காரணம் இதுவே.

சாம்பல், கரித்தூள், உப்பு

450 மெகாவாட் திறனுடைய எண்ணூர் அனல்மின் நிலையம் 1970 முதல் இயங்கி 2017இல் மூடப்பட்டது. ஆற்றின் வடக்கே அத்திப்பட்டு அருகே வடசென்னை அனல்மின் நிலையம் 1990களின் நடுவில் மின்னுற்பத்தியைத் தொடங்கியது. அங்கிருந்து சாம்பல் குட்டைக்குச் செல்லும் குழாய்களின் கசிவால் கொசத்தலை ஆற்றில் சாம்பல் படிந்தது. கோடைக்காற்றில் உலர்ந்த சாம்பல் பறந்து வீடுகளிலும் வண்டிகளிலும் படிகிறது.

நிலக்கரிச் சாம்பலின் பெரும்பகுதி கண்ணாடித் தன்மையுள்ள நுண்ணுருண்டைகள். அவற்றோடு குவார்ட்சுத் துகள்களும் கலந்திருக்கும். குவார்ட்சின் கடினத்தன்மை மோசு அளவில் 7. கிளியர் கோட் அதைவிடப் பலமடங்கு மென்மையானது. சாம்பல் படிந்த கூரையை உலர்ந்த மஞ்சள் துணியால் காலையில் ஒருமுறை துடைப்பது, மிக மெல்லிய உப்புத்தாளால் தேய்ப்பதற்குச் சமம். வாடகை வண்டி ஓட்டுநர் நாள்தோறும் அன்போடு செய்யும் இந்த வேலைதான் சுழல் கீறலுக்கு முதற்காரணம்.

2001இல் எண்ணூர்த் துறைமுகம் (இன்றைய காமராசர் துறைமுகம்) முதன்மையாக நிலக்கரிக்காகவே திறக்கப்பட்டது. சென்னைத் துறைமுகத்தில் கையாளப்பட்ட கரி, இரும்புத்தாதுத் தூசியால் இராயபுரமும் சூழ்ந்த பகுதிகளும் அவதியுற்றன. 2011இல் சென்னை உயர்நீதிமன்ற ஆணையால் அச்சரக்குகள் அங்கே நிறுத்தப்பட்டன. தெற்கே ஓய்ந்த கரிச்சுமை வடக்கே எண்ணூருக்கு நகர்ந்தது. அதே எண்ணூர்த் துறைமுகத்திலிருந்து 2010 முதல் புதிய மகிழுந்துகளும் கப்பலேறுகின்றன.

உப்பும் சேர்கிறது. கடற்காற்றின் உப்பு பரப்பில் படிந்து படிகமாகிறது. மீஞ்சூர் வட்டார நிலத்தடி நீரில் 1960களின் இறுதியிலிருந்தே கடல்நீர் ஊடுருவியுள்ளது. உவர்ந்த ஆழ்துளைக் கிணற்று நீரால் கழுவி வெயிலில் காயவிட்டால், கறுப்புப் பரப்பில் வெண்புள்ளிகள் நிலைத்துவிடும்.

மீட்கும் முறை

முதல் வேலை தூசியைத் தொடாமல் அகற்றுவது. நிழலில் நிறுத்தி, நிறைய நீரை மேலிருந்து கீழாக விடவேண்டும். பின் வண்டிக்குரிய சோப்பு நீரால் கழுவவேண்டும். சோப்பு நீருக்கு ஒரு வாளி, துணியை அலச வேறொரு வாளி என இரண்டு வாளிகள் தேவை. கடைசி அலசலுக்கு உப்பில்லாத நீர் நல்லது. நீர் காயுமுன் மைக்ரோபைபர் துணியால் ஒற்றி எடுக்கவேண்டும்.

இரயில் தடத்திலிருந்தும் வார்ப்பாலைகளிலிருந்தும் வரும் இரும்புத் துகள்கள் பூச்சில் பதிந்து, கையால் தடவினால் நறநறவென்று தெரியும். இரும்பு கரைக்கும் திரவத்தைத் தெளித்தால் அவை ஊதா நிறமாகக் கரைந்து வழியும். மிச்சத்தைக் களிம்புக் கட்டியை வழுக்கு நீரோடு உருட்டி எடுப்பர்.

அதன் பிறகே தேய்ப்பு. ரப்பர், பிளாஸ்டிக் விளிம்புகளையும் பலகைகளின் கூர்முனைகளையும் ஒட்டுநாடாவால் மூடவேண்டும். கூர்முனைகளில்தான் பூச்சு விரைவில் தேயும். ஒரு சிறு சதுரத்தில் மென்மையான திண்டையும் மென்மையான காம்பவுண்டையும் முதலில் சோதித்து, போதாவிட்டால் மட்டும் கடுமையானதற்குச் செல்வது முறை. சுழன்றுகொண்டே அதிரும் இரட்டை இயக்க எந்திரம் சூட்டைக் குறைவாக எழுப்புவதால் புதியவர்க்கும் பாதுகாப்பானது. ஒரே அச்சில் வேகமாகச் சுழலும் பழைய பஃபிங் எந்திரம் விரைவாக வெட்டும். ஆனால் தேர்ந்த கை இல்லாவிட்டால் பூச்சைச் சுட்டுவிடும், தானே புதிய வட்டக்கோடுகளையும் விடும். கறுப்பில் இறுதித் தேய்ப்பைத் தவிர்க்க முடியாது. வெட்டியபின் விடப்படும் மங்கல் வேறு நிறங்களில் மறையும், கறுப்பில் மறையாது.

கடைசியாக வாக்ஸ் அல்லது வேறு காப்புப் பூச்சு. இது கீறலை நீக்குவதில்லை, அடுத்த படிவு ஒட்டாமல் பார்த்துக்கொள்கிறது. மண்ணெண்ணெய் கலந்த நீரால் துடைக்கும் பழைய வழக்கமும் கீறலை எண்ணெயால் நிரப்பி ஓரிரு நாள் மறைக்கிறது. ஆனால் அதே எண்ணெய்ப் பசை சாம்பலைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

தொழிலாளர் நலம்

பட்டி வேலையின் உலர்ந்த தூசியும் காம்பவுண்டு தூளும் நுரையீரலுக்குத் தீங்கானவை. நீர்விட்டுத் தேய்க்கும் பழைய வழக்கம் தூசியை அடக்குவதால் நல்லது. வினையூக்கி கலந்து அடிக்கும் டூ-கே பெயிண்டில் ஐசோசயனேட் உண்டு. தெளிக்கும்போது அதைச் சுவாசிப்பது ஆஸ்துமாவை உண்டாக்கும். அதற்குத் துணி முகமூடி போதாது, காற்று வழங்கும் முகக்கவசம் வேண்டும். தேவையில்லாமல் தேய்த்துத் தீர்த்த ஒவ்வொரு பலகையும் மறுபடி தெளிப்பறைக்குப் போகிறது. எனவே பூச்சைச் சிக்கனமாகத் தேய்ப்பது வண்டிக்காரருக்குப் பணச் சேமிப்பு, பெயிண்டருக்கு மூச்சுச் சேமிப்பு.

மீட்பின் எல்லை

நகத்தால் வருடும்போது தடுக்கும் கீறலைத் தேய்த்து நீக்க முயல்வது பெரும்பாலும் கிளியர் கோட்டைத் துளைப்பதில் முடியும். அத்தகைய கீறலின் விளிம்பை மட்டும் மழுக்கி, மின்னாதபடி விடுவதே அனுபவப்பட்டவர்கள் செய்வது. காத்திவாக்கம் போன்ற ஊரில் ஆண்டுக்கு ஒருமுறை முழுத் தேய்ப்பு செய்வதைவிட, அன்றாடம் உலர்துணியைத் தொடாதிருப்பதே கறுப்பைக் காக்கும். வண்டியின் பூச்சுக்கு மறுதெளிப்பு என்ற வழியாவது உண்டு. அதே சாம்பலை நாள்தோறும் சுவாசிக்கும் மக்களுக்கு அப்படி ஒரு வழி கிடையாது. சாம்பலை அது எழும் இடத்திலேயே அடக்குவது ஒன்றே இரண்டுக்கும் பொதுவான தீர்வு.