இரண்டு தலைநகரங்கள், ஒரு பஸ்

பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் இடையே சுமார் 30 கிலோமீட்டர்தான். இன்று இரண்டுமே மாவட்டத் தலைநகரங்கள். ஆனால் அதற்கு அரியலூர் மக்கள் அலைந்த அலைச்சல் கொஞ்சமல்ல!

1995-ல் திருச்சியிலிருந்து பிரிந்து பெரம்பலூர் மாவட்டம் உருவானது. அரியலூரும் அதற்குள் அடங்கியது. 2001-ல் அரியலூர் தனி மாவட்டமானது. 2002-லேயே மறுபடி பெரம்பலூருடன் சேர்த்துவிட்டார்கள். கலெக்டரிடம் மனு கொடுக்க மீண்டும் பெரம்பலூர் பஸ்! ஜெயங்கொண்டம் பக்கத்துக் கிராமத்தார் என்றால் முதலில் அரியலூர், அப்புறம் பெரம்பலூர். போய்வரவே ஒருநாள் கூலி போய்விடும். 2007 நவம்பர் 23-ல்தான் அரியலூர் மீண்டும் தனி மாவட்டமானது.

பிரிந்த பிறகும் பஸ்ஸின் தேவை தீரவில்லை. பெரம்பலூரில் ரயில் நிலையம் கிடையாது. ரயிலேற அரியலூர் வரவேண்டும். சென்னை - திருச்சி தேசிய நெடுஞ்சாலையோ பெரம்பலூர் வழியாகத்தான் போகிறது.